நெயில் பாலிஷ் பொட்டு

என் நெயில் பாலிஷை அம்மா தொட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பொங்கலுக்கு மாமா வாங்கித் தந்த சின்னச் சிவப்புக் குப்பி அது. தன் நகத்துக்குப் போட்டிருந்தாலாவது போனால் போகிறது என்று விட்டிருப்பேன். அவள் மோட்டாருக்கல்லவா போட்டாள்!

திருநெல்வேலிப் பக்கமிருந்து திருப்பூர் நெருப்பெரிச்சலுக்கு வந்து, பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள் அம்மா. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இளைப்பு வந்துவிட்டது. இனித் தூசிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா இல்லாத வீட்டில் அதைச் சொல்வது எளிது. மோட்டார்க் கடை வைத்திருந்த மாமாதான் தன் தங்கைக்கு ஆர்மேச்சர் கட்டக் கற்றுக்கொடுத்தார். மோட்டாருக்குள் சுழலும் உருளையில் கருகிப்போன கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றும் வேலை. தெருவில் பாதி வீட்டு மிக்சிகள் அம்மாவின் புண்ணியத்தில் ஓடின. ஆனால் மிக்சிகளை மட்டும் நம்பி அடுப்பெரியாது.

அப்போதுதான் ஒரு பெரிய கம்பெனியின் கட்டிங் மாஸ்டர், துணி வெட்டும் கை மெஷினின் ஆர்மேச்சரைக் கொண்டுவந்தார். வெளிநாட்டு மெஷின், மாமாவே பார்த்ததில்லை.

"இது ஓடிருச்சுன்னா எங்க மெஷின் பூராவும் உங்களுக்குத்தானுங்க அக்கா" என்றார்.

அம்மா அன்று முழுவதும் சிரித்த முகமாக இருந்தாள். இனி கம்பெனி வேனில் ஏற வேண்டியதில்லை என்று என்னிடம் நாலு தடவை சொன்னாள்.

பழைய கம்பியை வெட்டுமுன், எந்தப் பள்ளத்தில் சுற்றிய கம்பி ஓரத்திலுள்ள எந்தச் செம்புப் பட்டையில் சேர்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். சுற்றுக் கணக்கை அம்மா காலண்டர் தாளின் பின்னால் எழுதினாள். இடத்துக்கு மட்டும் என் நெயில் பாலிஷ். பள்ளத்தில் ஒரு பொட்டு, செம்பில் ஒரு பொட்டு. கம்பியை வெட்டி எறிந்த பிறகு அந்த இரண்டு பொட்டுகளைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

பழைய கம்பியை வெட்டி எறிந்துவிட்டு அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் நான் உப்புத்தாளை எடுத்தேன். வேலை முடிந்ததும் அவள் செம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதைப் பார்த்திருக்கிறேன். நானே தேய்த்து வைத்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். என் பாலிஷை எடுத்த கோபமும் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்தவள் குடத்தை இறக்காமலே பார்த்தாள். செம்பிலிருந்த பொட்டைக் காணோம்.

"ஏட்டி, நீயா தேச்ச?"

"ஆமாம்மா."

குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவள் செம்பை விரலால் தடவினாள்.

"நல்லா மினுங்குது" என்றாள்.

இரண்டு நாள் குத்துமதிப்பாக இடம் பார்த்துச் சுற்றினாள். மாஸ்டர் வந்து மெஷினில் பூட்டி சுவிட்சைப் போட்டார். செம்பைச் சுற்றித் தீப்பொறி பறந்தது. மத்தாப்பு மாதிரி இருக்கிறதே என்று நான் கைதட்டினேன். பிறகு புகை வந்தது.

"நாந்தான் அடையாளத்த மாத்தி வச்சிட்டேன் அண்ணாச்சி. இன்னொருக்கா சுத்தித் தாரேன்."

"இல்லீங்க அக்கா. மொதலாளி ஒத்துக்க மாட்டாருங்க."

திங்கட்கிழமை அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வேனில் ஏறினாள். பாலிஷ் குப்பி எனக்கே திரும்பக் கிடைத்த மகிழ்ச்சியில் நான் டாட்டா காட்டினேன்.

நான் பத்தாவது முடிக்கும்வரைகூட அந்த நெஞ்சு தாங்கவில்லை. அவள் போன பிறகு ஒருநாள், அந்தப் பொட்டு எதற்கு என்று மாமாவிடம் கேட்டேன். சொன்னார். நல்லா மினுங்குது என்று அம்மா சொன்னதை அதுவரை நான் பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.