தொரை வீட்டுத் திராட்சைக் கொடி

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் தொரையின் பங்களாவில் எனக்குத் தோட்டக்கார வேலை. வலப்பனைப் பக்கம் வேறொரு தோட்டத்தில், படுக்கையில் கிடந்த தன் தாயைப் பார்த்துக்கொண்டு என் மனைவி இருந்தாள். அந்தக் கார்த்திகையில் அவள் முழுகாமல் இருந்தாள். நான் அங்கே வேலைக்குச் சேரத் தொரை விலகல் துண்டு எழுதித் தர வேண்டும். அது இல்லாதவனை எந்தத் தோட்டத்திலும் பேர் பதிய மாட்டார்கள். எங்கள் பிரஜாவுரிமையும் பறிபோன காலம். எங்கே போய் நிற்பது?

துண்டு கேட்டேன். தொரை சுவரோரத் திராட்சைக் கொடியைக் காட்டினார்.

"இதுல வெள்ளை வைன் செய்யணும். இனிப்பே இருக்கக் கூடாது. நல்லா வந்தா நீ போகலாம்."

அதற்கு முந்தின வருஷம் கவ்வாத்துக்காரர்கள் அந்தக் கொடியையும் தேயிலைச் செடி என்று நினைத்து முழங்கால் உயரத்துக்கு மட்டமாக வெட்டியிருந்தார்கள். பாவம், கத்தியைக் கொடுத்தால் அவர்களுக்குத் தெரிந்தது அதுதான். தேயிலைக்குப் புளித்த மண் வேண்டும். திராட்சைக்கு அது ஆகாது என்றார் தொரை. நாங்கள் குடியிருக்கும் லயங்களுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பைக் கொண்டுவந்து வேரடி மண்ணில் கலந்தேன்.

மழை பெய்தால் பழம் வெடித்து அழுகும். பகலில் வெயிலும் இரவில் பனியும் இருந்தால்தான் புளிப்பு போகாமல் பழுக்கும். தையில் மழை நின்றது. தேயிலைக் கொழுந்து குறைந்து எல்லோருக்கும் வேலை குறைந்தது. அம்மன் கோயிலில் மழை வேண்டிப் பூசை வைத்தார்கள். நானும் கைகூப்பி நின்றேன். 'பெய்யாதே தாயே' என்று வேண்டிக்கொண்ட படுபாவி நான் ஒருவன்தான்.

தாய் எனக்குத்தான் செவிசாய்த்தாள். பங்குனியில் பழம் பறித்துப் பிழிந்தோம். வைகாசியில் தொரை முதல் போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். கண்களை மூடிக்கொண்டார்.

"எங்க ஊர் வைன் மாதிரியே இருக்கு," என்றார். "இந்தக் கொடிய வேற ஒருத்தனும் தொடக் கூடாது. நீ இங்கயே இரு."

"பொஞ்சாதிக்கு நெறமாசமாயிருச்சிங்க தொரை. போகலாம்னு சொன்னீங்களே."

"அடுத்த வருஷம் பாப்போம்."

ஆப்பசைத்த குரங்கு நான். சரிங்க தொரை என்றுதான் சொல்ல முடிந்தது.

அதன்பின் லீவும் தரவில்லை; அடுத்த வருஷ வைனும் ஆன பிறகு துண்டு கிடைத்து நான் வலப்பனைக்குப் போனபோது என் மகள் லயத்து வாசலில் நடந்துகொண்டிருந்தாள். தூக்கப் போனேன். யாரோ என்று பயந்து வீறிட்டு அழுது, அடுத்த வீட்டுக்காரரின் காலைக் கட்டிக்கொண்டாள்.