கக்கத்துப் பிரம்பு

என் வீட்டுக்காரர் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்த காலத்தில் ஒரு பிரம்பு வைத்திருந்தார். அதை அவர் ஊன்றி நடந்ததே இல்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதற்குத் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்து வைப்பவள் நான். நானும் கொழுந்து பறிப்பவள்தான். ஆனாலும் அந்தப் பிரம்பு வரும்போது மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்துவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. வெட்கக்கேடுதான், என்ன செய்ய.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிறு, றொசல்ல ஸ்டேஷனில் ரயிலேறி அட்டனுக்குப் படம் பார்க்கப் போனோம். எங்கள் தோட்டத்து ஆட்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். தமிழ்ப் படத்தின் ரீல் வந்து சேரவில்லை என்று ஓர் இங்கிலீஷ் படத்தை ஓட்டினார்கள். பாட்டு இல்லை, பெண் வாடையே இல்லை. பட்டாளத்துக்காரர்களையே அடைத்து வைக்கும் ஒரு சிறைச்சாலை. வெயிலில் கைதிகள் கல்லைச் சுமந்து இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கொண்டுபோய் அடுக்க வேண்டும்; அடுக்கி முடித்ததும் திருப்பி இங்கே கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் கதை. பாஷை தெரியாத எங்களைக் கண் கொட்டாமல் உட்கார வைத்தது அது. பிற்பாடு எத்தனையோ படம் பார்த்துவிட்டேன். மனிதனின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம் காட்டிய படம் வேறில்லை.

சார்ஜண்ட் ஒருவன் வந்து "பெரேட்!" என்று கத்தினான். கொட்டகையே குலுங்கியது. "பெரட்டுடி! தொரமாருக்கும் பெரட்டு வைக்கிறாங்கடி!" என்று பெண்கள் கூவினார்கள். விடிகாலையில் எங்களை வரிசையில் நிறுத்தி வேலைக்கு அனுப்புவதற்கும் தோட்டத்தில் அதே பெயர்தான். வெள்ளைக்காரர்கள் எங்களைப்போல் வரிசையில் நிற்பதைப் பார்த்து நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சார்ஜண்ட் கக்கத்தில் பிரம்பை இடுக்கிக்கொண்டு வரிசையோரம் நடந்தான். தள்ளாடி நின்ற நோயாளி ஒருவனின் மோவாயைப் பிரம்பால் நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் கல் தூக்க அனுப்பினான்.

"அட, நம்ம கங்காணி மாதிரியே இருக்கான் பாரு!"

பின்னால் இருந்த ஒரு கைப்பிள்ளைக்காரியின் குரல். பிள்ளை மடுவத்தில் குழந்தையை விட்டுவிட்டு வரத் தாமதமானதற்காக, அந்த வாரந்தான் என் வீட்டுக்காரர் அவளை வேலை கொடுக்காமல் லயத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நாங்கள் முன்னால் இருப்பதை யாரோ பார்த்துவிட, சிரிப்பு பட்டென்று நின்றது. அவர் திரும்பவில்லை. படத்துக்கும் கொண்டுவந்திருந்த பிரம்பை மெல்லக் காலுக்கடியில் தள்ளினார். திரையில் அந்த நோயாளி விழுந்து செத்தான். சார்ஜண்ட் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் நின்றதை அந்த நடிகர் பேசாமலே காட்டினார். என் பக்கத்திலும் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பிரம்பை எடுக்காமல் பெரட்டுக்குப் போனார். கை மட்டும் பழக்கத்தில் கக்கத்தோடு ஒட்டியே இருந்தது. கைப்பிள்ளைக்காரி அன்றும் பிந்தித்தான் ஓடிவந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றாள். அவர் ஒன்றும் சொல்வதற்குள், தலையைக் குனிந்துகொண்டு தானாகவே லயத்துக்குத் திரும்பி நடந்தாள். அவர் கூப்பிட வாயெடுத்தார். அத்தனை பேர் முன்னால் குரல் வரவில்லை. கூடையோடு வரிசையில் நின்ற நானாவது கூப்பிட்டிருக்கலாம்.

"நான் ஒண்ணும் சொல்லலயே புள்ள. அதுவா திரும்பிப் போயிருச்சு" என்றார் சாயங்காலம். சாகும்வரை அதை எத்தனை தடவை சொன்னாரோ.

இப்போது எனக்கு முழங்கால் முடியவில்லை. "அப்பா பெரம்புதான் இருக்கே, ஊனி நடங்கம்மா" என்று மகள் பரணிலிருந்து எடுத்துத் தந்தாள். எண்ணெய் காணாமல் வெளுத்துக் கிடக்கிறது. வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.