ராணியக்காவை முந்தாத கிணறு

மொட்டைமாடித் தொட்டியைக் கழுவும்போதெல்லாம் அந்தப் பாசி நாற்றம் என்னைக் கூடலூர்த் தோட்டத்துக் கிணற்றுக்குள் தள்ளி எரிச்சலூட்டுகிறது. சின்ன வயதில், குறுக்கே ஒரே நீச்சல் என்றால், சுவரை உதைத்துப் பாய்ந்து, தண்ணீரை அறைந்து, எதிர்ப்படியை நானே முதலில் தொடுவேன். சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி நீந்தும் பந்தயமென்றால், எனக்கு மூச்சு இரைக்கும் நேரம் பார்த்து, பெரியப்பா மகள் ராணியக்கா ஒல்லிக் கையை ஓசையில்லாமல் நீட்டி நீட்டி என்னைக் கடந்துபோவாள்.

“ஏலே, தண்ணியப் போட்டு ஏன் இந்த அடி அடிக்கிற?”

அவளைப் போலவே நீந்த, தேனி நீச்சல் குளத்தில் இந்த வயதில் கற்றுவிட்டேன். தோட்டத்தை வாங்கியவர்கள் கிணற்றை மண்ணடித்து மூடிவிட்டார்கள். போனில் அழாத குறையாகப் புலம்பினால் அக்கா சிரிக்கிறாள்.

“அப்பக் கடைசியா ஜெயிச்சது நாந்தேன்.”