அம்மா மிச்சம் பிடித்த மின்சாரம்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, மாரி தொடங்கிய நேரம். அரியாலையில் எங்கள் வீட்டில் மின்சாரம் நின்று வெகுகாலம். யுத்தம் நடந்ததால் வடக்குக்குப் பற்றரி கொண்டுவரவும் தடை. மற்ற வீடுகளில் அதனால் ரேடியோ நின்றது. எங்கள் வீட்டில் அம்மாவின் காதே நின்றுவிட்டது. அவருடைய காதுக் கருவிக்குப் போடும், சட்டைப் பொத்தான் அளவான பற்றரி தீர்ந்துபோயிருந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பா பாரிசவாதத்தில் விழுந்தார். வலது கை விளங்கவில்லை, எழுதிக் காட்டவும் வழியில்லை. குரல் மெலிந்து, வாய்க்குக் கிட்டக் காதைக் கொடுத்தால்தான் எனக்கே கேட்கும். அப்பா என்ன கேட்டாலும் அம்மா "ஓம், ஓம்" என்று தலையாட்டியபடி கஞ்சி பருக்குவார். நான் நடுவில் நின்று சொல்கிறேன் என்றால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"அது கொம்மாவோடை கதைக்கவேண்டியது, பிள்ளை."

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பற்றரிக்குள் இருப்பது வெள்ளி ஒட்சைட்டு. மின்சாரம் தரத் தர அது வெறும் வெள்ளியாகிவிடும். உள்ளே இருக்கும் காரக் கரைசலில் மின்னைத் திருப்பிச் செலுத்தினால் வெள்ளி மறுபடி கறுத்து ஒட்சைட்டாகும். கரும்பலகையில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். அவசரப்பட்டால் வாயு சேர்ந்து வெடிக்கும் என்பதும் தெரியும். ஆனாலும் மனம் கேட்கவில்லை.

பற்றரி இல்லாமல் ரேடியோ கேட்க ஊரே பிறகு கண்டுபிடித்த வழிதான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ மின்னைப் பழைய ரேடியோவில் கழற்றிய டயோட் வழியாக விட்டு, பெடலைக் கையால் மெல்ல மெல்லச் சுற்றினேன். மத்தியானம் தொடங்கியது, பொழுதுபட்டபோதுதான் விட்டேன். தோள்மூட்டு கழன்றுவிடும் போல நொந்தது.

அம்மா கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு கட்டிலோடு குனிந்தார். நானும் தலைமாட்டில் குனிந்து நின்றேன்.

"இஞ்சாரும், சாப்பிட்டனீரோ?" என்றார் அப்பா.

அம்மா அழுதுவிட்டார். "இதையோ இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்?"

"உம்மட்டை ஒண்டு சொல்லவேணும்..." அப்பா தொடங்க முன்னமே இருமல் வந்துவிட்டது.

"களைச்சுப்போனியள், படுங்கோ. நாளைக்கு ஆறுதலாக் கதைப்பம்" என்று அம்மா கருவியை நிறுத்திக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். மண்ணெண்ணெயையும் சவர்க்காரத் துண்டையும் மிச்சம் பிடித்துப் பிடித்தே வாழ்ந்த காலம். பற்றரியையும் அவர் அப்படித்தான் பார்த்தார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

விடியும்போது அப்பா இல்லை. அம்மா கட்டிலடியில்தான் பாய் போட்டுப் படுத்திருந்தார். அப்பா கூப்பிட்டாரா என்று எங்களுக்குத் தெரியாது.

செத்தவீட்டுக்கு ஆட்கள் வரமுன்னம் அம்மா தலைப்பை அவிழ்த்தார். கருவியைக் காதில் மாட்டி, அப்பாவின் வாய்க்குக் கிட்டக் குனிந்தார்.

"சொல்லுங்கோ. இப்ப எனக்குக் கேக்குது."

கேட்கத்தான் செய்தது. வேலிக்கு அப்பால் ஒரு சேவல் கூவ, அம்மா திடுக்கிட்டுத் திரும்பியதை நான் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கிணற்றடிக்குப் போய் நின்று வாய்விட்டு அழுதேன்.

இன்று அந்தப் பற்றரி எந்தக் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் வீட்டில் யாராவது "ஒண்டு சொல்லவேணும்" என்று வாயெடுத்தால், அடுப்பில் எது கருகினாலும் இருந்து கேட்டுவிட்டுத்தான் நான் எழும்புகிறேன்.