துணை வேண்டாத ஓட்டு

தேர்தல் நாளன்று என் நாட்குறிப்பில் எழுதியது: ‘சங்ககிரி வாக்குச்சாவடி. எனக்கு முன்னால், சிறப்புப் பள்ளியிலேயே தங்கியிருக்கும் ஒருவர்.’

மீசை நரைத்தவர். வலக்கை மடங்கியே இருந்தது. இடக்கையால் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டு முடிக்கும்வரை வரிசையில் நகரவில்லை. கூட வந்த டீச்சரின் உதவியையும் மறுத்தார்.

“நீங்களே போட்டுடுங்கம்மா, சீக்கிரம் முடியும்,” என்று டீச்சரிடம் சொன்னார் அலுவலர்.

“டீச்சர் வாசல்லயே நிக்கட்டுங்க. என்ற ஓட்டு, நானே போட்டுக்கறனுங்க.”

மறைப்புக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். “தூங்கிட்டாராட்ட இருக்குது,” என்றார் வரிசையில் ஒருவர். பிறகு இயந்திரத்தின் பீப் சத்தம் கேட்டது.

வெளியே டீச்சர், “எந்தச் சின்னமுங்க?” என்றார்.

“அதெல்லாம் கேக்கக்கூடாதுங்க டீச்சர்.”

அவர் எந்தச் சின்னத்தில் போட்டார் என்று எழுத நாட்குறிப்பில் விட்ட இடம் இன்னும் காலியாக இருக்கிறது. நான் அவரிடம் கேட்கவில்லை, அதற்கு எனக்கு உரிமையும் இல்லை.