பென்ஷன் அதிகாரி பார்த்த ஈரச் செருப்பு

லியோனிலாவின் வாசலில் ஆண் செருப்பு ஒரு ஜோடி எப்போதும் கிடக்கும். பிலிப்பைன்ஸில் இலோய்லோ பக்கம் தனியாக இருக்கும் பெண்கள் செய்கிற காரியம்தான். உள்ளே ஆம்பளை இருக்கிறான் என்று திருடன் நினைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மற்ற விதவைகளின் செருப்புகள் தூசி படிந்து, போட்ட இடத்திலேயே கிடக்கும். அதைப் பார்த்து எந்தத் திருடன் ஏமாறுவான்? லியோனிலா விவரமானவள். செத்துப்போன புருஷனின் அந்தப் பெரிய செருப்பைத் தன் சின்னக் காலில் மாட்டிக்கொண்டு தினமும் காலையில் கிணற்றடி வரை நடந்து சேறு ஒட்டவைப்பாள். மழைக்காலத்தில் தண்ணீர் ஊற்றி நனைத்தும் வைப்பாள்.

எதிர்க்கடை பாசிங் சும்மா விடுவாளா?

"அக்கா, உங்க வீட்டுக்காரர் காலையிலேயே ஊர் சுத்திட்டு வந்துட்டார் போல?"

"ஆமாடி, மீன் வாங்கப் போனாரு. உன் கடைக் கருவாடு அவருக்கு ஆகலையாம்."

பல நாட்களில் லியோனிலா வாய் திறப்பது அந்த ஒரு தடவைதான். ஒரே மகன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். எந்தக் கடலில் இருக்கிறான் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

புருஷன் எபிஃபானியோ நகராட்சி இறைச்சிக்கூடத்தில் ஆய்வாளராக இருந்தவர். அவர் பென்ஷனில் ஒரு பங்கு அவளுக்கு வருகிறது. சோறு, மருந்து, கரண்ட் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. ஒரு நிபந்தனை உண்டு. அவள் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, எந்த ஆணோடும் குடித்தனம் நடத்தவும் கூடாது. எழுபதை நெருங்குகிறவளுக்கு இப்படி ஒரு காவல்! வழக்கமாக அவள் பிறந்த மாதத்தில் அலுவலகம் போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்தால் போதும். இந்த வருஷம் மறுஆய்வு என்று வீட்டுக்கே ஆள் அனுப்பிவிட்டார்கள்.

வந்த அதிகாரி ஜோசலின் என்ற பெண். நல்ல மழை. குடையை மடக்கியவளின் கண் நேராகச் செருப்பில்தான் விழுந்தது.

"வீட்ல யாரெல்லாம்மா இருக்காங்க?"

"நான் மட்டும்தான்."

"அப்ப இது யாரோடது?"

"என் வீட்டுக்காரரோடது."

"அவர் செத்து வருஷக்கணக்காச்சு. செருப்புல சேறு கூடக் காயலையேம்மா."

"திருடனுக்காக நான்தான் நனைச்சு வெச்சேன்."

"இதைவிட நல்ல கதையெல்லாம் கேட்டிருக்கேன்." ஜோசலின் உள்ளே எட்டிப் பார்த்தாள். "சந்தேகம்னு எழுதினா, விசாரணை முடியிற வரைக்கும் பென்ஷன் நின்னுடும். இப்பவே உண்மையைச் சொல்லிடுங்க."

பென்ஷன் நின்றால் சோற்றுக்கு என்ன செய்வது என்ற பயம் லியோனிலாவுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு நொடி அவள் முகம் சூடாகிச் சிவந்தது. இந்த வீட்டுக்குள் ஒருவர் ஈரக்காலோடு வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருத்தி நிஜமாகவே நம்பிவிட்டாளே! சொல்லவே கூச்சமான சந்தோஷம் அது.

அதற்குள் பாசிங்கும் அவள் புருஷன் டெல்ஃபினும் மழையில் ஓடி வந்துவிட்டார்கள்.

"நல்லாக் கேட்டீங்க போங்க மேடம்! இந்த அக்கா வீட்ல ஆம்பளையா? பூனை கூட எட்டிப் பார்க்காது!"

"கிறிஸ்துமஸுக்குக் கூட யாரும் வர்றதில்லை மேடம்," என்றான் டெல்ஃபின். "போன வருஷம் காய்ச்சல்ல கிடந்தாங்க. அந்தப் பக்கம் ஆளையே காணோமேன்னு எங்களுக்கே ரெண்டு நாள் கழிச்சுத்தான் தோணுச்சு."

"பெத்த பையன் போன் பண்றதில்லை. பேச ஆள் இல்லாம அந்தச் செருப்போடயே பேசிக்கிட்டிருக்கும், பாவம். நாங்களும் கிண்டலுக்கு 'வீட்டுக்காரர்'னு கேட்டு வெப்போம். இல்லேன்னா யார் பேசுறா இதுகிட்ட?" என்றாள் பாசிங்.

நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல லியோனிலாவின் பென்ஷன் பிழைத்துக்கொண்டிருந்தது. அவளும் தலையாட்டிக்கொண்டே நின்றாள்.

"இதெல்லாம் உண்மையாம்மா?"

"உண்மைதான்," என்றாள் லியோனிலா. "யாரும் வர்றதில்லை."

ஜோசலினின் குரல் இறங்கிப்போனது. தனியாக வசிக்கிறார் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

"மனசுல வெச்சுக்காதீங்கம்மா. உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது."

"ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்களேன்."

"இன்னும் நிறைய வீடு பாக்கி இருக்கும்மா," என்று அவள் குடையை விரித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் லியோனிலா வழக்கம்போலக் கிணற்றடி வரை நடந்தாள். செருப்பை நனைத்து வாசலில் விட்டாள். எதிர்க்கடையைப் பார்த்தாள். பாசிங் பார்வையைத் திருப்பிக்கொண்டு சார்டின் மீன் டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தாள். நேற்று அத்தனையும் பேசிவிட்டு இன்று எந்த வாயால் கிண்டல் செய்வாள்? லியோனிலா செருப்பை வலப்பக்கம் நகர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து இடப்பக்கம் வைத்தாள். கடையில் டப்பா சத்தம் மட்டும்தான் கேட்டது.

கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"ஏன்டி பாசிங், என் வீட்டுக்காரர் எங்கே போயிட்டு வந்தார்னு இன்னிக்குக் கேக்க மாட்டியா?"