மீன் தீர்த்தம்

அந்த மெஷினை நான் மாமியார்னுதான் சொல்லுவேன். அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதையை ஒட்டின எங்க மனையில ஒரு சிமெண்ட் தொட்டி; உள்ள ஜிலேபி மீனு. மீன் கழிவுத் தண்ணி மோட்டார்ல ஏறி கீரைப் பாத்திக்குப் போவும், வேர் உறிஞ்சினது போக சுத்தமா தொட்டிக்கே வந்து விழும். தண்ணியில ஆக்சிஜன் கம்மியானா, உள்ள தொங்கற சென்சார், அதான் நான் சொன்ன மாமியார், எங்க ரெண்டு பேர் போன்லயும் மணி அடிக்கும். சோத்துல கை வெச்சா அடிக்கும், கண்ணை மூடினா அடிக்கும். போய்ப் பார்த்தா மீனு ஜாலியா சுத்திக்கினு இருக்கும்.

எல்லாம் என் பொண்டாட்டி ஏற்பாடு. சென்னையில வேலையை விட்டுட்டு வந்தவ. இந்த முதல் வளர்ப்பு தேறலன்னா திரும்ப சென்னைக்கே கிளம்பறதுன்னு எங்களுக்குள்ள பேச்சு. அவளுக்கு அதுல துளியும் இஷ்டமில்ல. பொய் சொல்வானேன், எனக்கும்தான். ஆனா மாமியார் தொல்லை தாங்கல.

ஒரு பௌர்ணமி மத்தியானம் அவ ஆசிரமம் பக்கத்து காபி கடைங்களுக்குக் கீரை குடுக்கப் போயிருந்தா. நான் போனை சைலண்ட்ல போட்டுட்டு வேலி ஓரமா சேர் போட்டு உட்கார்ந்தேன். கிரிவலம் வந்த ஒரு அம்மா தொட்டியை எட்டிப் பார்த்து, இது என்ன தீர்த்தம்னு கேட்டாங்க. என் வாய் சும்மா இருக்குமா?

"மீன் தீர்த்தங்க."

அவ்ளோதான். அந்தம்மா பொரி போட்டாங்க. பின்னாடி வந்தவங்க அதைப் பார்த்துப் போட்டாங்க. பன்னு, வாழைப்பழம், ஒரு புண்ணியவான் தயிர்சாதமே போட்டாரு. நான் தர்மகர்த்தா மாதிரி தலையாட்டிக்கினு இருந்தேன். கொஞ்ச நேரத்துல மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுச்சு. மீனு கும்பிடுதுன்னு ஒரு பெரியவர் கன்னத்துல போட்டுக்கினாரு. சத்தியமா நானும் அதுங்களுக்கு சந்தோஷம்னுதான் நெனச்சேன்.

கூட்டத்தைத் தள்ளிக்கினு அவ ஓடி வந்தா. மணி அடிச்சதும் எனக்கு எத்தனையோ தடவை போன் பண்ணியிருக்கா. பௌர்ணமிக் கூட்டத்துக்காக ஆட்டோ விடாத ரோட்டுல, அவ்ளோ தூரமும் நடையும் ஓட்டமும். புடவையோட தொட்டியில குதிச்சா. ஊறின பொரி மோட்டார் வாயை அடைச்சிருந்துச்சு, அதைப் பிடுங்கிப் போட்டா. மீனுக்கு மூச்சு முட்டுது, தண்ணியில காத்து கலக்கட்டும்னு என்னை பக்கெட்ல மொண்டு உசரத்துல இருந்து ஊத்தச் சொன்னா. ஊத்தினேன். அபிஷேகம்னு நெனச்சு வேலிக்கு வெளியே அரோகரா போட்டாங்க.

பாதிக்கு மேல செத்துப் போச்சு. அவ திட்டல. அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு. செத்த மீனைக் கூடையில அள்ளும்போதுதான் வாயைத் தொறந்தா.

"அதுங்களால கத்த முடியாதுங்க. அதுக்குத்தான் அந்த மெஷினு. அதையும் கத்த விடாம பண்ணிட்டீங்களே."

மிச்ச மீனு வளர்ற வரைக்கும் பார்க்கலாம், சென்னைப் பேச்சு அப்புறம்னு ரெண்டு நாள் கழிச்சு அவளே சொன்னா. இப்ப என் போன் முழு சத்தத்துல இருக்கு. போன வாரம் எங்க ஊர்ப் பெரிய கோயில்ல, சரியா தீபாராதனை நேரத்துல அலறுச்சு. சுத்தி இருந்தவங்க எல்லாம் மொறைச்சாங்க. சாமிக்கு முதுகைக் காட்டிட்டு ஓடி வந்தேன்.